தறிச் சத்தத்தை எடுத்துவிடலாமா?

வாசகர் கேள்வி:

ஐயா, வணக்கம். எங்கள் அம்மா போன தை மாதம் 87 வயதில் காலமானார். பிறந்தது கன்னங்குறிச்சி. 1957-ல் வாழ்க்கைப்பட்டு வந்தது சேலம் அம்மாபேட்டை. அப்பாவுக்கு இப்போது 92 வயது. எங்களுடையது தறி போட்ட வீடு. அம்மா கல்யாணத்துக்கு முன்பே ஒரு பாட்டு வாத்தியாரிடம் வர்ணம் வரை கற்றவர். மேடை ஏறியதில்லை. மார்கழி பஜனை, கொலு, வளைகாப்பு என்று தெருவில் யார் வீட்டு விசேஷமானாலும் அம்மா பாட்டு உண்டு. தறிக்கான நூலைத் தார் சுற்றும்போதும் வாய் ஓயாது. 1979-ல் அப்பா ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கிக் கொடுத்தார். அம்மா பாடிப் பதிந்தது, ரேடியோவிலிருந்து பிடித்தது எல்லாம் சேர்த்து 63 கேசட்டுகள் இருக்கின்றன. 41 அறுபது நிமிடம், மற்றவை தொண்ணூறு.

தலை திவசம் வருகிறது. ஏற்காட்டில் இருக்கும் தங்கை ‘மேடை ஏறாத மேதை’ என்று ஒரு நினைவு மலர் போட விரும்புகிறாள். பெங்களூரில் வேலை செய்யும் என் மகன், ஏஐ மூலம் தறிச் சத்தத்தையும் இரைச்சலையும் நீக்கி, பின்னால் தம்புரா சேர்த்து, சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் பென் டிரைவில் கொடுக்கலாம் என்கிறான். இரண்டு நிமிடம் செய்தும் காட்டினான். எங்களுக்குப் பிடித்திருக்கிறது. செல்போனில் அதைப் போட்டதும் அப்பாதான் “நிறுத்திப்போடு கண்ணு” என்று எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறார். விடிகாலையில் ரேடியோவை மட்டும் தெருவே கேட்கிற மாதிரி வைக்கிறார். அவர் மனதை நோகடிக்கிறோமா?

தங்கை வீட்டில் பல வருஷம் கிடந்த 9 கேசட்டுகளில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. ஒன்று அறுந்துவிட்டது. சில கீச்சென்று கத்துகின்றன. கடைசிக் காலத்தில் பதிந்தவற்றில் அம்மா குரல் இறங்கிக் கேட்கிறது. டேப் இழுத்துவிட்டதா, சரிசெய்ய முடியுமா? இன்னொன்று: ஒரு கேசட்டின் மேல் அம்மா கையெழுத்தில் ‘அழிக்கலாம்’ என்று எழுதியிருக்கிறது. அதை நாங்கள் கேட்கலாமா, கூடாதா?

(மகன் செய்த மாதிரியையும் அதன் மூலத்தையும் அனுப்பியிருக்கிறேன்.)

— வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்:

அன்புள்ள ஐயா,

மூலத்தையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. இரண்டையும் ஹெட்ஃபோனில் மாற்றி மாற்றிக் கேட்டேன். அம்மா பாடுவது பிலஹரி ராகம். நல்ல திடமான குரல், மூச்சை வீணாக்காத பாட்டு. பின்னால் தறி ஓடுகிறது. 1 நிமிடம் 8 விநாடியில் தறி சட்டென்று நிற்கிறது. அம்மா பாட்டை நடுவில் விட்டு, “அறுந்துருச்சுங்களா?” என்கிறார். தூரத்தில் ஓர் ஆண் குரல், “ம்… நீ பாடு” என்கிறது. பத்துப் பன்னிரண்டு விநாடி ஒன்றும் இல்லை. நூலை முடிச்சுப் போடுகிறார் போலிருக்கிறது. அம்மா மெல்ல முனகிக்கொண்டு காத்திருக்கிறார். தறி மறுபடி ஓடத் தொடங்கியதும், விட்ட இடத்திலிருந்து எடுக்கிறார்.

இப்போது உங்கள் மகனின் மாதிரியில் அதே இடத்தைப் போட்டுக் கேளுங்கள். தறி இல்லை. “அறுந்துருச்சுங்களா” இருக்கிறது. “நீ பாடு” இல்லை. மைக்குக்குத் தூரத்தில் மெதுவாக வந்த குரல் என்பதால் செயலி அதையும் இரைச்சல் கணக்கில் சேர்த்துத் துடைத்துவிட்டது. அம்மா யாரையோ கேட்கிறார், பதில் இல்லை, பிறகு பாடுகிறார்.

அந்தக் குரல் உங்கள் அப்பாவுடையது என்று நான் ஊகிக்கிறேன். தறியில் உட்கார்ந்திருந்ததும் அவராகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் உங்கள் வீட்டுக் கேசட்டுகளில் அம்மா தனியாகப் பாடவில்லை. நீங்கள் சத்தம் என்று நினைப்பது அப்பா. அவரை வெளியே எடுத்துவிட்டு அவரிடமே போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். அவர் எழுந்து போனதற்கு இதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன், வேறொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தின் தலையாய கேள்விக்கு என் பதில்: தறிச் சத்தத்தை எடுக்காதீர்கள்.

இதை நான் புத்திசாலித்தனத்தால் சொல்லவில்லை, பட்ட பாட்டால் சொல்கிறேன். 2004 வாக்கில், கேசட்டை சிடியாக மாற்றித் தருவதில் நான் மும்முரமாக இருந்த காலம். ஒருவர் தம் அம்மா பாடிய தாலாட்டைக் கொண்டுவந்தார். பின்னால் என்னவோ ஓர் உராய்வு, ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அரை நாள் உட்கார்ந்து அதைச் சுத்தமாக எடுத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து வந்தார். “பாட்டு நல்லாருக்குங்க. தொட்டில் சத்தம் எங்கீங்க?” என்றார். மூலக் கோப்பை நான் இடம் போதாமல் அழித்திருந்தேன். சிடிதான் வந்துவிட்டதே என்று அவர் கேசட்டைக் குப்பையில் போட்டிருந்தார். அன்றிலிருந்து யார் எது கேட்டாலும் மூலத்தை ஒரு மயிரிழையும் தொடாமல் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

உங்கள் மகனைக் குறை சொல்லவில்லை. பாட்டிக்குச் செய்ய வேண்டும் என்று நினைக்கிற பேரன் இந்தக் காலத்தில் கிடைப்பது அரிது. அவருக்குப் புரிகிற மாதிரி இரண்டு விஷயம் சொல்கிறேன். சீரான இரைச்சலை, அதாவது டேப்பின் ‘ஸ்ஸ்’ ஒலியை, மின்சாரத்தின் ‘ம்ம்’ ஒலியைக் கொஞ்சம் குறைப்பது சுலபம், பெரிய சேதமும் இல்லை. தறி அப்படியல்ல. அது விட்டு விட்டு அடிக்கிற ஒலி. அதை எடுக்கப் போனால், அதே மாதிரி வெடித்துப் பிறக்கிற வல்லின எழுத்துகளும் மழுங்கும். மாதிரியில் கவனியுங்கள், அம்மாவின் ‘க’வும் ‘ட’வும் பஞ்சு சுற்றிய மாதிரி கேட்கும். உச்சரிப்புக்குப் பேர்போனவராக இருந்திருப்பார் என்று மூலத்தைக் கேட்டாலே தெரிகிறது. அவருக்கு இது அநியாயம்.

இரண்டாவது, தம்புரா. கேசட் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அதோடு சேர்ந்து குரலும் நூலிழை அளவு ஆடும். தனியாகக் கேட்டால் காதுக்குத் தெரியாது. ஆடாமல் அசையாமல் நிற்கிற எலக்ட்ரானிக் தம்புராவைப் பக்கத்தில் வைத்தால் அந்த ஆட்டம் முழுவதும் அபஸ்வரமாகத் தெரியும். சுருதி சுத்தமாகப் பாடியவரை நீங்களே சுருதி விலகிப் பாடவைத்தது போல ஆகும்.

சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கிற பிரதியில் ‘ஸ்ஸ்’ஸைச் சற்றுக் குறைத்துக்கொள்ளட்டும். அது போதும்.

ஒரு கொசுறு. உங்கள் தொழிலில் நாடா என்றால் பாவு நூலுக்கு நடுவே ஊடை நூலை எடுத்துக்கொண்டு அங்கும் இங்கும் ஓடுவது. என் தொழிலில் ஒலிநாடா. அம்மாபேட்டையிலிருந்தும் சேலம் குகைப் பகுதியிலிருந்தும் எனக்கு வருகிற கேசட்டுகளில் அந்த நாடா இந்த நாடாவில் பதிந்திருப்பதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். உங்கள் வீட்டுத் தறி எந்த வருஷம் நின்றது? தறி நின்ற பிறகு பதிந்த கேசட்டுகளை நான் கேட்க விரும்புகிறேன். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று.

இனி அப்பா விஷயம். அவர் எழுந்து போவதைத் துக்கம் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். இருக்கலாம். 68 வருஷம் உடனிருந்தவர் குரல் திடீரென்று ஒரு செல்போனிலிருந்து வந்தால் யாருக்கும் நெஞ்சு அடைக்கும். ஆனால் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ரேடியோவைத் தெருவே கேட்கிற மாதிரி வைக்கிறார் என்று. நான் டாக்டர் இல்லை, ஒலிக்காரன். எனக்கு அது காது விஷயமாகவும் தோன்றுகிறது. வயதால் காது மந்தமாகும்போது முதலில் போவது மேல் ஸ்தாயி ஒலிகள்தான். செல்போன் ஸ்பீக்கரோ ஒரு காசு அகலம். அதிலிருந்து கீழ் ஸ்தாயி ஒலி வருவதே இல்லை, மேல் ஒலிதான் கீச்சென்று வரும். அப்பாவின் காதில் மீதமிருப்பது ஒரு பாதி, போன் கொடுப்பது இன்னொரு பாதி. அவருக்குக் கேட்டது மனைவியின் குரலாக இல்லாமல், அடையாளம் தெரியாத ஏதோ கிறீச்சாக இருந்திருக்கலாம். அதுவும் ஏஐ வல்லினத்தைத் தின்ற பிறகு. அவர் விசைத்தறிக் கூடத்திலும் வேலை பார்த்திருந்தால் காது இன்னும் அடிபட்டிருக்கும்.

அதனால் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப்போய் ஆடியோகிராம் எடுங்கள். சில சமயம் வெறும் குறும்பி அடைத்திருக்கும், எடுத்தாலே பாதி சரியாகிவிடும். பிறகு, மூலத்தை, தறியோடு, மரப்பெட்டியில் உள்ள கொஞ்சம் பெரிய ஸ்பீக்கரில் போடுங்கள். அல்லது காதை முழுவதும் மூடுகிற ஹெட்ஃபோனை மாட்டிவிடுங்கள். கேட்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அவர் வழக்கமாக உட்காருகிற இடத்தில், காபி குடிக்கிற நேரத்தில், நீங்கள் உங்களுக்காகக் கேட்பது போலப் போடுங்கள். அப்போதும் “நிறுத்திப்போடு” என்றால் நிறுத்திவிடுங்கள். அது அவர் உரிமை. அடுத்த மாதம் பார்க்கலாம்.

உட்கார்ந்து கேட்டார் என்றால், அதுதான் உங்களுக்கு இந்த வருஷம் கிடைக்கப்போகிற பெரிய சொத்து. இரண்டு நிமிடம் போடுங்கள், நிறுத்துங்கள், கேளுங்கள். “அம்மா எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் “நல்லவ” என்று ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடும். “டேப் ரெக்கார்டரை எந்த மாடத்தில் வைப்பீங்க?”, “அன்னிக்கு என்ன சேலை தறியில இருந்தது?”, “இந்தப் பாட்டை அம்மா யார்கிட்டக் கத்துக்கிட்டாங்க?” என்று பொருளையும் இடத்தையும் பிடித்துக் கேளுங்கள். ஆளைப் பற்றிய பேச்சு தானாக வரும். அதைப் பதிவு செய்யுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், அவருக்கு ஒரு முழ தூரத்தில் வையுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். சேலத்து வெயிலில் அது கஷ்டம், ஆகவே காலையிலேயே. இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 63 கேசட்டிலும் யார் குரல் எது, எந்தக் கொலு, எந்தக் கல்யாணம் என்று சொல்லக்கூடியவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். கேசட் இன்னும் பத்து வருஷம்கூடத் தாங்கும். அவருக்கு 92.

இனி கேசட்டுகள். எங்கே வைத்திருக்கிறீர்கள்? பரணில் டிரங்குப் பெட்டியில் என்றால் இன்றைக்கே இறக்குங்கள். சித்திரையில் ஓட்டுக்கு அடியில் அந்தப் பெட்டி அடுப்பாகிவிடும். வீட்டின் நடு அறையில், மர அலமாரியில், புத்தகம் அடுக்குகிற மாதிரி நிற்க வையுங்கள். இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர், ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம். தங்கை எல்லாவற்றையும் தம் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று சொன்னால் அன்போடு மறுத்துவிடுங்கள். ஏற்காடு மனிதருக்கு நல்லது, டேப்புக்கு ஆகாது. ஆறு மாதம் மேகம் சன்னல் வழியாக உள்ளே வந்து போகிற மலையில் ஈரம் எதையும் விடாது. அந்த 9 கேசட்டுகளில் பூத்திருப்பது பூஞ்சைக் காளான்தான். அவற்றை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள், மெஷினில் போடாதீர்கள், ஊதாதீர்கள். ஒரு தடவை ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும், உங்கள் மூச்சுக்கும் நல்லதல்ல. தனித் தனி உறையில் போட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டிக் கீழே கொண்டுவாருங்கள். அதைச் சுத்தம் செய்வது என் வேலை.

அறுந்ததை செலோ டேப் போட்டு ஒட்டிவிட்டீர்களோ என்று பயமாக இருக்கிறது. அதன் பசை கசிந்து அடுத்தடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டவில்லை என்றால் அப்படியே விடுங்கள், அதற்கென்று இருக்கிற ஒட்டுநாடா வேறு. கீச்சிடுகிறவற்றை முரட்டுத்தனமாக ஓட்டாதீர்கள். பெரும்பாலும் உள்ளே இருக்கிற சிறு பஞ்சு மெத்தை காய்ந்திருக்கும் அல்லது கூடு கோணியிருக்கும், நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும். நல்ல கேசட்டுகள் எல்லாவற்றிலும் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். இன்றே அவற்றை உடைத்துவிடுங்கள். தெரியாமல் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது.

41 அறுபது, 22 தொண்ணூறு என்றால் 74 மணி நேரம். இதில் குறுக்கு வழி கிடையாது, ஒரு மணி நேரக் கேசட்டை மாற்ற ஒரு மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக எடுத்தால் மணிக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேல், ஆக மொத்தம் 80 ஜிபிக்குள் அடங்கும். எம்பி3-ஆக எடுக்க வேண்டாம், அது இடத்தை மிச்சப்படுத்த ஒலியின் சில பகுதிகளைத் தூக்கி எறிகிற வகை. பிரதி கொடுக்க மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். பென் டிரைவ் கொண்டுசெல்வதற்கு, சேமிப்பதற்கு அல்ல. இரண்டு ஹார்டு டிஸ்க், ஒன்று அம்மாபேட்டையில், ஒன்று பெங்களூரில், மூன்றாவதாக இணையச் சேமிப்பில் ஒன்று. மாற்றிய பிறகும் கேசட்டைத் தூக்கிப் போடக்கூடாது. தொட்டில் கதையை மறந்துவிடாதீர்கள்.

ரேடியோவில் பிடித்த கேசட்டுகளைச் சிலர் அலட்சியமாக ஒதுக்குவார்கள். செய்யாதீர்கள். அம்மா எந்தக் கச்சேரியைப் பதிந்தார், எதை நடுவில் நிறுத்தினார், யார் பாடும்போது நாடாவைத் திருப்பிப் போட ஓடினார் என்பதெல்லாம் அவருடைய ரசனையின் தடயம். அறிவிப்பாளர் குரலில் ஊரும் நாளும் கிடைத்தாலும் கிடைக்கும். அவற்றை யூடியூபில் மட்டும் ஏற்ற வேண்டாம், பாடியவருக்கும் நிலையத்துக்கும் உரிமை உண்டு. வீட்டுக்குள் கேளுங்கள்.

‘அழிக்கலாம்’ என்று எழுதிய கேசட் உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்று நினைக்கிறேன். எனக்கு இந்தச் சொல் மிகவும் பழக்கம். வெறும் கேசட் வாங்குவது செலவாக இருந்த காலம் அது. ஒரு கேசட்டில் பதிந்தது சரியில்லை, அல்லது கேட்டு முடித்தாயிற்று என்றால், அதன் மேல் மறுபடி பதியலாம் என்பதற்கு அடையாளமாக ‘காலி’ என்று எழுதுவார்கள், ‘அழிக்கலாம்’ என்று எழுதுவார்கள், சிலர் பெருக்கல் குறி போடுவார்கள். ‘அழிக்கவும்’ என்று எழுதவில்லை பாருங்கள், ‘அழிக்கலாம்’. என் அனுபவத்தில் இது உயில் மாதிரி இல்லை, சிக்கனம். தேய்ந்த சேலையை மடித்து ‘துடைக்க’ என்று ஒதுக்கி வைக்கிற கை எழுதியது.

அப்படித்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால் இப்படிச் செய்யலாம். அப்பாவிடம் கேசட்டைக் காட்டிக் கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் தங்கையும் மட்டும் உட்கார்ந்து முதல் இரண்டு நிமிடம் கேளுங்கள். பாட்டு என்றால் தொடருங்கள். யாரிடமோ தனியாகப் பேசியது, மனக்குறை என்றால் அங்கேயே நிறுத்தி, மாற்றாமல் உறையில் போட்டு வைத்துவிடுங்கள். பேரப்பிள்ளைகள் கூடியிருக்கும்போது அதைப் போட்டுப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம்.

மலரைப் பற்றி நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. ஆனாலும் தலைப்பைப் பார்த்ததும் கை துறுதுறுக்கிறது. ‘மேடை ஏறாத மேதை’ என்றால், ஏறியிருக்க வேண்டியவர் ஏறவில்லை என்று பொருள் வருகிறது. அம்மா அப்படி எப்போதாவது சொன்னாரா? சொல்லியிருந்தால் தாராளமாக எழுதுங்கள். மறைக்க வேண்டியதில்லை, அந்தத் தலைமுறைப் பெண்களில் எத்தனையோ பேருக்கு அந்தக் குறை உண்மை. சொல்லவில்லை என்றால், அவர் படாத குறையை நாம் அவர் தலையில் ஏற்றக்கூடாது. தங்கையிடம் சொல்லுங்கள், பட்டம் வேண்டாம், விவரம் எழுதச் சொல்லுங்கள். கன்னங்குறிச்சியில் பிறந்தவர் என்கிறீர்கள். ஏற்காடு போகிற அதே சாலையில்தான் டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ இருந்தது, இன்றைக்கு அதன் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. அம்மா சிறுமியாக இருந்தபோது அது ஓயாமல் படம் எடுத்துக்கொண்டிருந்த காலம். அந்தச் சாலையைப் பற்றி அம்மா ஏதாவது சொல்வாரா? திருச்சி வானொலியா, இலங்கை வானொலியா, வீட்டில் முதலில் எது கேட்டது? தெருவில் யார் யார் அவரிடம் சரளிவரிசை கற்றார்கள்? எந்தப் பாட்டைப் பாடினால் அப்பா தறியை நிறுத்துவார்? இதையெல்லாம் நாலு பக்கம் எழுதினால் போதும். தைக்குள் முடியவில்லை என்றால் அடுத்த தைக்குப் போடுங்கள். 74 மணி நேரத்தையும் கேட்காமல் மலர் போட என்ன அவசரம்? திவசத்தன்று ஒரே ஒரு கேசட்டின் ஒரு பக்கம், அரை மணி நேரம், கூடத்தில் போடுங்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து கேட்கட்டும்.

கடைசியாக, குரல் இறங்கியிருப்பது. இதற்குத்தான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

டேப்பால் சுருதி மாறுவது உண்டு. ஆனால் எந்தப் பக்கம் மாறும் என்பதில் பலருக்குக் குழப்பம். பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும்போது பதிந்தால், பதிகிற நேரத்தில் நாடா மெதுவாக ஓடியிருக்கும். இப்போது சரியான வேகத்தில் போட்டால் குரல் ஏறிக் கேட்கும், இறங்காது. வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறும் (கட்டை என்பது சுருதியின் அளவு), அரை மணி நேரப் பக்கம் 28 நிமிடத்துச் சொச்சத்தில் முடிந்துவிடும். கரண்டில் ஓட்டிப் பதிந்ததாக இருந்தால் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். நம் ஊர் மின்சாரத்தின் ‘ம்ம்’ 50 ஹெர்ட்ஸ். பதிவில் அது 53-ல் நின்றால் நாடா ஆறு பங்கு வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம்.

உங்கள் கடைசிக் கேசட்டுகளில் குரல் இறங்கிக் கேட்கிறது. நாடாவின் கோளாறாகவும் இருக்கலாம், உங்கள் மெஷினின் பெல்ட் தளர்ந்திருக்கலாம். ஆனால் பெல்ட் தளர்ந்திருந்தால் பழைய கேசட்டுகளும் அதே மெஷினில் இறங்கித்தானே கேட்க வேண்டும்? கடைசிக் காலத்தவை இறங்கிக் கேட்பதாக மட்டுமே நீங்கள் எழுதியிருப்பதால், எனக்கு வேறு சந்தேகம். 1979-ல் அம்மாவுக்கு 41 வயது இருந்திருக்கும். பிலஹரி மாதிரியில் அவர் நிற்பது ஐந்தரைக் கட்டை. அறுபது தாண்டினால் பெண்களுக்குக் குரல் கனத்து இறங்கும். ஐந்து, நாலரை, நாலு என்று சுருதியைக் குறைத்துக்கொண்டே வந்து, ஆனால் பாடுவதை விடாமல் இருந்திருப்பார். அப்படியானால் அங்கே சரிசெய்ய எதுவும் இல்லை. அதை வேகம் கூட்டி ஐந்தரைக்கு ஏற்றினால் எழுபது வயதுக்காரர் நாற்பது வயதுக் குரலில் அவசரம் அவசரமாகப் பாடுவார். கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அவர் முப்பது வருஷம் வாழ்ந்தது மட்டும் போய்விடும்.

எது நாடா, எது வயது என்று பிரிக்க ஒரு வழி இருக்கிறது. பஜனையில் பாடியவர் வீட்டில் ஹார்மோனியம் இருந்திருக்கும். அதன் ரீடு மனிதக் குரல் மாதிரி இறங்காது, ஏறக்குறைய வைத்த இடத்திலேயே நிற்கும். ஹார்மோனியத்தோடு அம்மா பாடியிருக்கிற கேசட் ஒன்று, பழையதில் ஒன்று, கடைசியில் ஒன்று கிடைத்தால் போதும். பதிவில் உள்ள ஹார்மோனியத்தையும் வீட்டில் உள்ள ஹார்மோனியத்தையும் ஒத்துப் பார்த்தால் நாடா எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். மீதி அம்மா.

ஆகவே முதல் தடவை வரும்போது எல்லாவற்றையும் சுமந்து வர வேண்டாம். அந்த பிலஹரிக் கேசட், கடைசிக் காலத்தது இரண்டு, ஹார்மோனியம் இருந்தால் அது. ஹார்மோனியத்தை இருக்கையில் வைத்துக் கொண்டுவாருங்கள், டிக்கியில் வேண்டாம். அதற்கு முன்னால் அப்பாவிடம், காதுப் பக்கமாக நின்று, அம்மா கடைசி வருஷங்களில் எந்தக் கட்டையில் பாடினார் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அவர் சொல்கிற கட்டையைக் குறித்துக்கொண்டுதான் மெஷினைத் தொடுவேன்.